பழைய பேப்பர் படத்தை ஸ்கேன் செய்து தெளிவாக்குவது எப்படி? தங்கச்சிமடம் தம்பிக்கு நீளமாக ஒரு பதில்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1964 டிசம்பர் புயலில் போன பாம்பன் ரயில் பாலத்தை மறுபடி தூக்கி நிறுத்திய சமயம், 1965 தொடக்கத்தில், ஒரு தமிழ் நாளிதழில் இரண்டு பத்தி அகலத்தில் வந்த படம் அவர் வீட்டில் இருக்கிறது. பாலத்து இரும்பு கர்டர் பின்னால் தெரிய, வேலையாட்கள் வரிசையாக நிற்கிறார்கள், அதில் ஒருவர் அவருடைய தாத்தா. தாத்தாவுக்கு இதைத் தவிர வேறு படம் கிடையாது. பிரிண்டரோடு சேர்ந்து வந்த ஸ்கேனரில் 200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 200 பிக்சல் கணக்கில், எடுத்துப் பார்த்திருக்கிறார். படம் முழுக்க அலை அலையாகக் கோடு ஓடுகிறது, பின்பக்கத்து எழுத்து தெரிகிறது, தாள் பழுப்பேறி முகமெல்லாம் மங்கிக் கிடக்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா, முகத்தைத் தெளிவாக்கித் தருகிற ஏஐ ஆப்பில் போடலாமா, நினைவு நாளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க எவ்வளவு பெரிதாக்கலாம் என்று கேட்கிறார்.

சரி தம்பி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலையைப் போக்கலாம். பழுப்பைப் போக்கலாம். பின்பக்க எழுத்தை முக்கால்வாசி மறைக்கலாம். ஆனால் அச்சில் விழாத முகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, மீட்டதாகக் காட்டினால் அது தாத்தா முகம் கிடையாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள், ஏனென்றால் எங்கே மெனக்கெட வேண்டும், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பேப்பரில் வந்த படத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். போட்டோவில் இருப்பது போலச் சாம்பல் நிறம் அதில் எங்கேயும் இருக்காது. கறுப்பு மை ஒன்றுதான், அதுவும் புள்ளி புள்ளியாக. வானம் இருக்கிற இடத்தில் ஊசிமுனை அளவுக்குச் சின்னப் புள்ளிகள், நடுத்தர நிழலில் புள்ளிகள் பெருத்து ஒன்றின் மூலை இன்னொன்றைத் தொட்டுச் சதுரங்கப் பலகை மாதிரி, இருட்டான இடத்தில் எல்லாம் ஒட்டிப்போய் கறுப்புக்கு நடுவே வெள்ளை ஓட்டைகள் மட்டும். இதைத்தான் ஹாஃப்டோன் என்பார்கள். அன்றைக்கு நாளிதழ்கள் பெரும்பாலும் லெட்டர்பிரஸ் அச்சு. போட்டோவை நுண்கோடு போட்ட கண்ணாடித் திரை வழியாக மறுபடி படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தில் அரித்து பிளாக் செய்வார்கள். முரட்டு நியூஸ்பிரின்ட் தாளில் நெருக்கமான புள்ளி நிற்காது, மை பரவி ஒட்டிக்கொள்ளும். அதனால் நாளிதழ் பிளாக் என்றால் ஒரு அங்குலத்துக்கு சுமார் 55லிருந்து 85 வரிசைப் புள்ளி, அவ்வளவுதான். வழவழப்பான பத்திரிகைத் தாள் என்றால் 133, 150 என்று போகும்.

இப்போது உங்கள் படத்துக்குக் கணக்குப் போடுவோம். இரண்டு பத்தி அகலப் படம் என்கிறீர்கள், நாலு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 65 புள்ளி என்றால் படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மொத்தம் 260 புள்ளி. வரிசையில் பத்து ஆள் நின்றால் ஒரு முகம் கால் அங்குலம் வரும். கால் அங்குலத்தில் 16 புள்ளி. அந்த 16 புள்ளிக்குள்ளேதான் நெற்றி, கண், மூக்கு, மீசை, தாடை எல்லாமே. ஒரு கண்ணுக்கு இரண்டு புள்ளி வந்தால் பெரிய விஷயம். அதிலும், வெயிலில் தலைப்பாகையோடு நிற்கிற ஆளை எடுத்த படம் என்றால் தலைப்பாகைக்குக் கீழே நிழல் விழுந்து, அந்த நிழலில் மை பரவி, புருவத்திலிருந்து மூக்கு வரை ஒரே கறுப்பாக அடைத்துப் போயிருக்கும். நம் கடற்கரைப் படங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பின்னால் கடலும் வானமும் வெள்ளை வெளேரென்று விழுந்திருக்கும், அதற்கு முன்னால் நிற்கிற மனிதர்கள் கறுத்துப் போயிருப்பார்கள்.

1200, 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் மட்டும் இந்த 16 புள்ளி 17 ஆகிவிடாது. ஒவ்வொரு புள்ளியின் ஓரமும் இன்னும் அழகாகத் தெரியும், அவ்வளவே. அதே சமயம் 200 டிபிஐ போதவே போதாது. 200ஐ 65ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு மூன்று பிக்சல்தான் கிடைக்கிறது. புள்ளி வரிசையும் பிக்சல் வரிசையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இடிக்கும்போது பிறப்பதுதான் நீங்கள் சொல்கிற அலை, மோரே என்பார்கள். 600 டிபிஐ வைத்தால் புள்ளிக்கு ஒன்பது பிக்சல் கிடைக்கும், புள்ளி புள்ளியாகவே பதிவாகும், அலைக்கு இடமில்லை. 600க்கு மேல் போவதில் இந்த வேலைக்கு லாபம் இல்லை, ஃபைல்தான் வீங்கும். அப்புறம் ஒன்று, 600இல் எடுத்துவிட்டுத் திரையில் சிறிதாக்கிப் பார்த்தாலும் அலை தெரியும். அது உங்கள் மானிட்டர் காட்டுகிற அலை, ஃபைலில் இருக்காது. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இது தெரியாமல் நல்ல ஸ்கேனை அழித்துவிட்டு மறுபடி மறுபடி எடுப்பவர்கள் நிறைய.

ஸ்கேனரில் வைப்பதற்கு முன்னால் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நியூஸ்பிரின்ட் மரக்கூழில் செய்வது, அதிலிருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பாகி, தாளும் அமிலமேறி நொறுங்க ஆரம்பிக்கும். நம் பக்கம் இதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வெயில் காலத்தில் கச்சான் அடிக்கிறபோது தாள் மொறுமொறுவென்று இருக்கும், அப்போது மடிப்பை விரித்தால் மடிப்புக் கோட்டிலேயே ஒடியும். ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கிறபோது ஈரம் குடித்துத் துவண்டிருக்கும், விரிப்பதற்கு அதுதான் தோதான காலம். அவசரம் என்றால் மழை பெய்து ஓய்ந்த நாளில் ஜன்னலைத் திறந்து வைத்து, தாளை மேசையில் ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்க விட்டு, மறுநாள் மெதுவாக விரியுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், அயர்ன் பாக்ஸ் கிட்டேயே வர வேண்டாம். விரித்த பிறகு இரண்டு பக்கமும் சுத்தமான வெள்ளைத் தாள் வைத்து, மேலே கனமான புத்தகம் அடுக்கி இரண்டு மூன்று நாள் விட்டால் மடிப்பு ஓரளவு படியும். தூசியை மிருதுவான பிரஷ்ஷால் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். துணியால் துடைத்தால் மை இழுபடும்.

கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். ஏற்கனவே ஒட்டியிருந்தால் உரிக்கவும் வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள் தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிடும், திருப்பி எடுக்க வழியே கிடையாது, உள்ளே இருக்கிற அமிலம் உள்ளேயே வேலை செய்யும், போதாக்குறைக்கு அந்தப் பளபளப்பு ஸ்கேனில் வெளிச்சமடிக்கும். பாசத்தில் லேமினேட் செய்து கெடுத்த கத்தரிப்புகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

ஸ்கேனர் விஷயத்துக்கு வருவோம். பிரிண்டரோடு வருகிற ஸ்கேனர்களும் கேனன் லைடு மாதிரி மெல்லிய ஸ்கேனர்களும் சிஐஎஸ் வகை. கண்ணாடியோடு ஒட்டியிருப்பதைத்தான் இவை கூர்மையாக எடுக்கும், தாள் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடம் மங்கும். மடிப்புக் கோடு தாத்தா மேல் போகிறது என்றால் இது பெரிய தொந்தரவு. எப்சன் வி600 மாதிரி சிசிடி வகை ஸ்கேனர்கள் இதில் கொஞ்சம் தாராளம். ராமநாதபுரத்திலோ மதுரையிலோ தெரிந்த ஸ்டூடியோவில் அந்த வகை இருந்தால் ஒரு தடவை எடுத்துக்கொண்டு போவது வீண் போகாது. இல்லையென்றால் உங்களிடம் இருப்பதிலேயே, மூடியை அழுத்தாமல், தாளுக்கு மேல் தட்டையான கனமான ஒன்றை வைத்து எடுக்கலாம்.

தாளுக்கும் மூடிக்கும் நடுவே கறுப்புச் சார்ட் பேப்பர் ஒன்று வையுங்கள். மூடியின் உள்பக்கம் வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் தாளைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து பின்பக்க எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கறுப்பு வைத்தால் அந்த வெளிச்சம் திரும்பாது. தாள் மொத்தமாகக் கொஞ்சம் மங்கலாக விழும், பரவாயில்லை, அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பின்பக்க எழுத்தை மென்பொருளில் ஒவ்வொன்றாக அழிப்பது பெரும்பாடு, ஒரு சார்ட் பேப்பர் அதில் முக்கால்வாசி வேலையை மிச்சப்படுத்திவிடும்.

ஸ்கேனர் மென்பொருளில் இருக்கிற ஆட்டோ சமாச்சாரங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஷார்ப்பன், ஆட்டோ டோன், தூசி நீக்கம், எழுத்தைத் தெளிவாக்கு, எதுவும் வேண்டாம். அச்சுப் புள்ளியை நீக்குவதற்கு டீஸ்க்ரீன் என்று ஒன்று இருக்கும், சிலவற்றில் நாளிதழுக்கு 85, பத்திரிகைக்கு 133 என்று எண்ணோடு வரும். அவசரத்துக்கு அது உதவும், ஆனால் மூலப் பிரதிக்கு அதையும் அணைத்துவிட்டே எடுங்கள். பிறகு நீங்களே கையால் செய்தால் எவ்வளவு மென்மையாக்குவது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், பிடிக்கவில்லை என்றால் மூலத்துக்குத் திரும்பலாம். 600 டிபிஐ, கலர், தரம் குறையாமல் சேமிக்கிற டிஃப் ஃபார்மட். தாள் பெரிதாக இருந்து துண்டு துண்டாக எடுக்க வேண்டியிருந்தாலும் படம் முழுக்க ஒரே ஸ்கேனில் விழுகிற மாதிரி தாளைத் திருப்பி வையுங்கள், ஒட்டு போடுகிற கோடு முகத்தில் விழக்கூடாது. அந்த டிஃப் ஃபைலைத் தொடாமல் இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, ஒரு பிரதி எடுத்து அதில் வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், புள்ளிப் படத்துக்கு அந்தச் சுருக்கம் விஷம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்குக் கலர் ஸ்கேன் என்று கேட்பீர்கள். பழுப்பைப் போக்குவதற்குத்தான். கலர் ஃபைலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல் இருக்கிறது. பழுப்பும் மஞ்சளும் நீல சேனலில் கறுப்பாக விழும், சிவப்பு சேனலில் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடும். மை மூன்றிலும் கறுப்புதான். கிம்ப் என்ற படம் திருத்துகிற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் கலர்ஸ் மெனுவுக்குள் காம்பொனென்ட்ஸ், அதற்குள் டீகம்போஸ் போய் மூன்றாகப் பிரித்து, சிவப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு, டீக்கறை, பழைய டேப்பின் மஞ்சள் தழும்பு எல்லாம் ஒரே அடியில் பாதிக்கு மேல் காணாமல் போகும். முதல் தடவை பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். வீட்டில் யாராவது தாத்தாவைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தால் அதுவும் இதிலேயே வெளுத்துவிடும். நீல மை வட்டம் என்றால் மட்டும் சிவப்பு சேனலில் அது கறுத்துத் தெரியும். அப்போது அந்த இடத்தை மட்டும் நீல சேனலிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும்.

அடுத்து புள்ளியைச் சாம்பலாக்க வேண்டும். எளிய வழி, கிம்ப்பில் காஸியன் ப்ளர், அதாவது படத்தைச் சீராக மங்கவைக்கிற கருவி, 600 டிபிஐ படத்துக்கு அளவு 3லிருந்து 4 வரை. புள்ளிக்குப் புள்ளி ஒன்பது பிக்சல் தூரம் என்று பார்த்தோமே, அதில் பாதிக்குக் கொஞ்சம் கீழே என்பதுதான் கணக்கு. உங்கள் படத்தின் புள்ளி நெருக்கம் வேறாக இருந்தால், பெரிதாக்கி ஒரு புள்ளி மையத்திலிருந்து அடுத்த புள்ளி மையம் வரை பிக்சலை எண்ணி அதற்குத் தக்கபடி வையுங்கள். 3இல் வைத்தால் புள்ளி லேசாகத் தெரியும், முகவெட்டு கொஞ்சம் உயிரோடு இருக்கும். 4இல் புள்ளி போய்விடும், படம் குழையும். நான் 3 பக்கமே சாய்வேன். லேசான புள்ளி கண்ணை உறுத்தாது, குழைந்த முகம் உறுத்தும். பிறகு படத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிதாக்குங்கள், அதாவது 200 டிபிஐ அளவுக்கு. பயப்பட வேண்டாம், 65 புள்ளியில் இருந்த விஷயம் எல்லாம் 200 பிக்சலில் தாராளமாக அடங்கும், எதுவும் தொலையாது. சிறிதாக்கியவுடனேயே படம் ஒரு போட்டோ போலத் திரண்டு வரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். ப்ளர் செய்யும்போது புள்ளியோடு சேர்ந்து கர்டரின் ஓரம், வேட்டியின் மடிப்பு எல்லாமும் மழுங்குகிறது. ஃபூரியே என்ற கணித முறையில் அப்படி இல்லை. படத்தில் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வருகிற எதுவாக இருந்தாலும் ஃபூரியே மாற்றம் செய்தால் அது தனிப் புள்ளியாகப் பளிச்சென்று ஒளிரும். ஹாஃப்டோன் மாதிரி சீரான விஷயம் வேறென்ன இருக்கிறது? இமேஜ்ஜே என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள், ஆராய்ச்சிக்காரர்கள் நுண்ணோக்கிப் படங்களுக்குப் பயன்படுத்துவது, அதிலேயே இது இருக்கிறது. ப்ராசஸ் மெனுவில் எஃப்எஃப்டி, அதாவது ஃபூரியே மாற்றம், போட்டால் கறுப்புத் திரையில் நடுவே ஒரு வெளிச்சமும், அதைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி நாலு மூலையில் நட்சத்திரம் மாதிரி சில புள்ளிகளும், அதற்கும் வெளியே இன்னும் சிலவும் வரும். நடுவில் இருப்பதுதான் உங்கள் படம், அதைத் தொடாதீர்கள். சுற்றியிருக்கிற நட்சத்திரங்களின் மேல் கறுப்பால் வட்டமாகத் தீட்டிவிட்டு, இன்வர்ஸ் எஃப்எஃப்டி கொடுங்கள். புள்ளி உதிர்ந்துபோய் கர்டரின் ஓரம் அப்படியே நிற்கும். பழைய லெட்டர்பிரஸ் படங்களில் தாள் இழுபட்டு, தகடு வளைந்து, புள்ளி முழுச் சீராக இருக்காது, அதனால் நட்சத்திரங்களும் கொஞ்சம் கலைந்து தெரியும். தீட்டுகிற வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். அதற்கு மேல் ஏதாவது மிச்சம் இருந்தால் 1 அல்லது 2 அளவில் லேசாக ஒரு ப்ளர்.

மீதி எல்லாம் சுலபம். வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்கிற லெவல்ஸில் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் உள்ளே இழுங்கள், ஆனால் தாள் முழு வெள்ளையாகும் வரை போகாதீர்கள், வானத்திலிருக்கிற சின்னப் புள்ளிகளும் வெளுத்த சட்டைகளும் அதில் காணாமல் போகும். நடுக் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் நிழலில் கிடக்கிற முகங்கள் எழும், அடைத்துப்போன கறுப்பு மட்டும் எழாது. கீறல், மடிப்புக் கோடு, பூச்சி அரித்த ஓட்டை இதையெல்லாம் ஹீல் கருவியால் வானத்திலும் மணலிலும் தாராளமாக மூடுங்கள். முகத்துக்குள் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். கடைசியாக ஓரத்தைக் கூர்மையாக்குகிற அன்ஷார்ப் மாஸ்க் லேசாக. படத்துக்குக் கீழே இருக்கிற எழுத்தையும் தலைப்பையும் இந்த ப்ளர் வேலைக்குள் கொண்டுவராதீர்கள், எழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதைத் தனியாக வெட்டி, லெவல்ஸ் மட்டும் செய்து, பிறகு ஒட்டிக்கொள்ளலாம். 1965 பேப்பர் என்பதால் லை, ணை, றா எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில் இருக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தருகிற ஓசிஆர் தடுமாறும். நாலு வரிதானே, கையாலேயே தட்டச்சு செய்துவிடுங்கள்.

இப்போது ஏஐ. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், தாத்தா முகத்தை அதில் போடாதீர்கள். அந்த ஆப் என்ன செய்கிறது என்றால், லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. 16 புள்ளி கொடுத்தால், இந்த 16 புள்ளிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு முகம் எப்படி இருக்கலாம் என்று தானாக வரைந்து தருகிறது. கண்ணில் ஒளி, இமை முடி, பல் வரிசை எல்லாம் வரும். ஒன்றுகூடப் படத்தில் இருந்ததில்லை. மை அடைத்த புள்ளியை மரு என்று நினைத்து வரையும், மடிப்புக் கோட்டைத் தழும்பாக்கும், மீசை இல்லாதவருக்கு மீசை வைக்கும். வேறு போட்டோ இருக்கிற ஆள் என்றால் ஒப்பிட்டுப் பார்த்து, இது இல்லை என்று தள்ளிவிடலாம். உங்கள் தாத்தாவுக்கு வேறு படம் இல்லை என்கிறீர்களே, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஃபிளெக்ஸில் ஏறி, பிறகு வீட்டுச் சுவரில் ஏறி, பத்து வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் அதைத்தான் கொள்ளுத்தாத்தா என்று கும்பிடுவார்கள். உண்மைப் படம் பெட்டிக்குள் போய்விடும். புயலில் வீடு, பெட்டி, போட்டோ எல்லாம் கடலோடு போன குடும்பங்கள் நம் தீவில் எத்தனை இருக்கின்றன, அவர்களுக்கெல்லாம் மிஞ்சியிருக்கிற நாலு புள்ளியின் மேல் யாரோ ஒரு ஆளின் முகத்தை ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கர்டரையும் கடலையும் அதே ஆப் வழுவழுப்பாக்கித் தந்தாலும் வேண்டாம். பாலத்து ரிவெட்டுகளைக்கூடத் தன் இஷ்டத்துக்கு வரையும்.

முகம் தெரியாவிட்டாலும் 16 புள்ளியில் நிறைய இருக்கிறது. ஆள் நிற்கிற நிலை, பக்கத்து ஆளைவிட எவ்வளவு உயரம், தோள் இறக்கம், தலைப்பாகை கட்டிய விதம், கையைக் கட்டியிருக்கிறாரா தொங்கவிட்டிருக்கிறாரா, இதெல்லாம் நிஜமான தகவல். தாத்தாவை நேரில் பார்த்த பெரியவர்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பார்கள். புள்ளி நீக்கிய படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்துக் காட்டுங்கள். நெருங்கிப் பார்த்தால் தெரியாத ஆள் எட்டி நின்று பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரிவார், கண் தானாகவே புள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளும். அவர்கள் சொல்வதைக் குரலாகவும் பதிவு செய்து வையுங்கள், அந்த வேலையில் இருந்தவர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது ரொம்பக் குறைவு. 46 நாளில் பாலத்தை நிமிர்த்தியதற்கு ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் பெயர் எல்லாருக்கும் தெரியும், கயிறு பிடித்தவர்கள் பெயர் உங்களை மாதிரி வீடுகளில்தான் இருக்கிறது.

முகம் இன்னும் தெளிவாக வேண்டும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, நல்ல பிரதியைத் தேடுவதுதான். அதே நாள் பேப்பர் வேறு எங்காவது மை அடைக்காமல் விழுந்திருக்கலாம். சென்னை எழும்பூரில் இருக்கிற கன்னிமாரா நூலகம் நாட்டில் வெளியாகிற புத்தகங்களும் நாளிதழ்களும் சட்டப்படி வந்து சேர்கிற நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் அச்சுப் பொருட்களைச் சேர்த்துப் பாதுகாக்கிற இடம். பேப்பர் பெயரும் தேதியும் கையில் இருந்தால் விசாரிப்பது சுலபம், ஆகவே உங்கள் கத்தரிப்பில் தேதி இல்லை என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கத்துச் சந்தை நிலவரம், சினிமா விளம்பரம், இறப்பு அறிவிப்பு எதிலாவது நாள் ஒளிந்திருக்கும். அதனால் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் செய்துவையுங்கள்.

இன்னொரு பிரதி கிடைத்தால் அதையும் 600இல் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி போடலாம். இதில் கறையும் கீறலும் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அடித்துப் போய்விடும். வேறு ஊர்ப் பதிப்போ வேறு நாளிதழோ அதே போட்டோவுக்குத் தனியாக பிளாக் செய்திருந்தால் அது இன்னும் பெரிய யோகம், ஏனென்றால் புள்ளிகள் வேறு இடத்தில் விழுந்திருக்கும், இரண்டையும் சேர்த்தால் ஒன்றில் இல்லாத தகவல் நிஜமாகவே கிடைக்கும். உங்களிடம் இருக்கிற ஒரே கத்தரிப்பைப் பலமுறை ஸ்கேன் செய்து அடுக்குவதில் அப்படி எதுவும் கிடைக்காது. இதற்கெல்லாம் மேலே, பிளாக் செய்யக் கொடுத்த மூல போட்டோவே எங்காவது இருந்தால் அதற்கு ஈடு இல்லை. அந்த நாளிதழ் அலுவலகத்துக்கும் தெற்கு ரயில்வேக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள், தபால் செலவுதானே.

வேலை முடிந்ததும் மூலக் கத்தரிப்பை எங்கே வைப்பது என்றும் ஒரு வார்த்தை. கடல் பார்த்த சுவரில் பதித்த பீரோவிலும், துருப்பிடிக்கிற தகரப் பெட்டியிலும் வேண்டாம். அமிலமில்லாத தாளில் மடிக்காமல் வைத்து, பாலியெஸ்டர் உறைக்குள் போட்டு, உள் அறையில் தரைக்கு மேலே உயரமாக வையுங்கள். சாதாரண பிவிசி ஃபைல் உறை நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், பாச்சை உருண்டையானாலும் சரி, தாளில் படக்கூடாது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எது குத்தியிருந்தாலும் எடுத்துவிடுங்கள், நம் ஊர்க் காற்றில் துரு இறங்க ரொம்ப நாள் ஆகாது.

கடைசியாக ஃபிளெக்ஸ். 260 புள்ளியை இரண்டடி அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 11 புள்ளிதான் வரும். 25 அடி தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அது போதும், பந்தலுக்குள் ஐந்தடியில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குப் போதாது. வாசலில் பெரிதாக வைக்கத்தான் வேண்டும் என்றால், முழுப் படத்தையும், கர்டரும் கடலும் வரிசை ஆட்களும் சேர்த்து, இரண்டடியிலிருந்து மூன்றடி அகலத்தில் அடியுங்கள், அதற்கு ப்ளர் செய்யாத, பழுப்பு மட்டும் நீக்கிய புள்ளிப் படத்தைக் கொடுங்கள். தூரத்தில் பார்க்கும்போது புள்ளி நீக்கியதைவிட அதுதான் ஓரம் கூர்மையாகத் தெரியும். வீட்டுக்குள் மாலை போட்டு வைக்க, புள்ளி நீக்கிய படத்தை ஓரடி அகலத்துக்கு மேல் போகாமல் மேட் போட்டோ தாளில் ஸ்டூடியோவில் பிரிண்ட் எடுங்கள். தாத்தாவை மட்டும் வெட்டிப் பெரிதாக்க வேண்டாம், வரிசையோடு நிற்கட்டும், வேண்டுமானால் அவர் தலைக்கு மேல் மெல்லிய கோட்டில் ஒரு அடையாளம் போட்டுக்கொள்ளலாம். கீழே பேப்பர் பெயரும் தேதியும் சின்ன எழுத்தில் வர வேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் ஃபைல் கொடுக்கும்போது கலர் கூட்ட வேண்டாம், முகத்தைத் திருத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கேட்காமலேயே செய்து கொடுக்கிற கடைகள் உண்டு. முழு அளவில் அடிப்பதற்கு முன்னால் தாத்தா நிற்கிற பகுதியை மட்டும் அதே அளவில் ஒரு ஏ4 தாளில் சோதனைக்கு எடுத்து, பந்தல் போடப்போகிற இடத்தில் ஒட்டி, எட்ட நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.